வாசல் சுவரில் ஒரு மாப்பிள்ளை

"அந்தக் கல்லுல ஒரு தட்டு தட்டிப் பாரு, ஏட்டி! கைய முறிச்சு அடுப்புல வச்சுப்போடுவேன்!"

"முறி. கல்லு இருந்தா வீடு போச்சு. வீடு போன பொறவு கை எதுக்கு?"

"வாய மூடு. ஊரு கேக்கு!"

ஊர் கேட்கத்தான் செய்தது. காலை ஆறரை மணி, தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். என் குடம் நிறைந்து காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினால் அங்கே நிற்கக் காரணம் இல்லாமல் போய்விடும் என்பதால் மூடவில்லை.

புது வீட்டு வாசலில் சுத்தியலோடு நின்றவள் பிரிஜா. வாசல் நிலைக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றவள் அவள் அம்மா லீமா. லீமாவின் முதுகுக்குப் பின்னால், நேற்றுப் பூசிய சிமென்ட் இன்னும் முழுசாக வெளுக்காத சுவரில், பளபளவென்று ஒரு கருங்கல். அதில் பொன் எழுத்து: "அனிஷ் – பிரிஜா இல்லம்."

அப்போது ஊரில் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடற்கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். பெண்ணைப் பெற்றவர்கள் சட்டி பானையை எடுத்துக்கொண்டு வாடகைக்கோ வலைக்கூடத்துக்கோ போவார்கள். லீமாவுக்கும் அவள் அம்மா அப்படித்தான் ஒரு வீடு கொடுத்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடல் முதலில் அதன் அடுக்களையைக் கொண்டுபோனது. பத்து நாள் கழித்து வந்து மீதியையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று பேர். லீமா தலையில் மீன் சுமந்து கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகிறவள். அவள் புருஷன் ஏசுஅடிமை, ஆழ்கடல் விசைப்படகில் கயிறு சுற்றி இடது கால் நசுங்கியவன். பிரிஜாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. நர்ஸிங் அசிஸ்டென்ட் படித்துவிட்டு மருந்துக்கடையில் நிற்கிறாள். நான்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள், சாயா குடித்தார்கள், "வீடு?" என்று கேட்டார்கள், போனார்கள்.

அப்போதுதான் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் டிரஸ்ட் ஒன்று வந்தது. கோயில் கொடுத்த இரண்டரை சென்ட் நிலத்தில், கடலுக்கு எட்டாத தூரத்தில், லீமா பெயருக்கு ஒரு வீடு. கட்டும் வேலையில் ஒரு பங்கை அந்தக் குடும்பமே செய்யவேண்டும் என்பது டிரஸ்டின் முறை. லீமா மீனுக்குப் போவாள், ஏசுஅடிமைக்குக் கால் ஆகாது. ஆகவே அந்தக் குடும்பம் என்றால் பிரிஜா. மண் சுமந்தாள், ஹாலோ பிளாக் சுமந்தாள். கூரை வார்த்தபின் பதினான்கு நாள் காலையும் மாலையும் ஏறித் தண்ணீர் நனைத்தாள்.

அந்தப் பதினான்கில் இரண்டு மாலை அவளோடு மேலே இன்னொரு ஆளும் நின்றான். எனக்கு எதிர்வீடு, ஜன்னல் வைத்திருப்பது மூடி வைக்கவா? அவன்தான் அனிஷ். பஹ்ரைனில் படகு வேலை, விடுமுறையில் வந்தவன். ஐந்தாவது மாப்பிள்ளை. லீமா கோயில் உபதேசியாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொன்னாள்: "எனக்க மகளுக்கு வீடு உண்டு." பேச்சு முடிந்தது. கோயிலில் பூசை முடிவில் சாமியார் மணமக்கள் பெயரைச் சொல்லும் முதல் ஓலை வருகிற ஞாயிறு.

அனிஷின் அப்பா ரசலையனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கல்தச்சர்கள் ஊரான மயிலாடிக்கே போய்க் கல்லைச் செதுக்கி வாங்கிக்கொண்டு வந்தார். சாவி கொடுக்கும் நாளில் பெரிய ஆட்கள் எல்லாம் வருவார்களாம். மகன் பெயரைப் பார்க்கட்டுமாம். நேற்றுச் சாயங்காலம் பிரிஜா கடையிலிருந்து வருவதற்குள் கொத்தனாரைக் கூட்டிவந்து பதித்துவிட்டார். தடுக்கவேண்டியவள் லீமா. அவளோ கொத்தனாருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள்.

பிரிஜா வரும்போது அவள் கையில் ஒரு தாள் இருந்தது. சாவி வாங்கும்போது லீமா சொல்லவேண்டிய உறுதிமொழி. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வாங்கிவந்தது. அதை வாசித்தபிறகு அவள் தூங்கவில்லை.

"மறுபடியும் வாசிக்கேன், கேளு," என்றாள் இப்போது, சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "'பதினைந்து வருடத்துக்கு வீட்டின் உரிமையாளராகிய நான் இந்த வீட்டிலேயே குடியிருப்பேன். விற்கவோ, வாடகைக்கு விடவோ, சீதனமாகக் கொடுக்கவோ மாட்டேன். மீறினால் வீடு பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போகச் சம்மதிக்கிறேன்.' இதையே முதல் பேப்பர்லயும் எழுதியிருக்கு. கீழ ஒனக்க ஒப்பு இருக்கு."

"சாருமாரு காட்டின இடத்துல எல்லாம் போட்டேன். பெத்த பிள்ளைக்கு வீடு குடுக்கப்பிடாதுண்ணு எந்த மடையன் எழுதி வப்பான்?"

"எழுதி வச்சிருக்கான்."

"பேரு எனக்க பேருலயே இருக்கட்டு. நீங்க ரெண்டும் உள்ள இருங்க. நானும் ஒனக்க அப்பனும் கொட்டகையில கெடந்துக்கிடுதோம். ஆருக்குத் தெரியும்?"

"இன்னைக்குப் பதினொரு மணிக்குச் சாவி தர வாறவனுக்குத் தெரியும். சுவருல எழுதிப் போட்டிருக்கே!"

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஏசுஅடிமை கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். வாசலுக்கு வந்து, மூச்சு வாங்கி, கல்லை எழுத்துக் கூட்டி வாசித்தான். அவனுக்கு எழுத்து நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றியது போலும்.

"கல்லு கெடக்கட்டும் மக்கா," என்றான். "வீடு போனா போட்டு. ஒனக்குக் கல்யாணம் நடக்கட்டு."

"வீடு போனா கல்யாணம் நடக்குமா, அப்பா?"

அவன் ஊன்றுகோலை இடம் மாற்றி வைத்தான். லீமா விரித்த கைகளைக் கீழே போட்டாள். எனக்குமே அப்போதுதான் உறைத்தது. கல் இருந்தால் வீடு போகும். வீடு போனால் அனிஷும் போவான். கல்லை உடைத்தால் ரசலையன் அவமானப்பட்டுப் போவார். அப்போதும் அனிஷ் போவான்.

"ஒரு மணிக்கூறு," என்றாள் லீமா, சந்தையில் விலை பேசுகிற குரலில். "வாறவங்க வந்துட்டுப் போறது வர மறைப்போம். சாயங்காலம் திறப்போம். ஒரு மணிக்கூறுதான் மக்கா."

பிரிஜாவுக்கும் அனிஷ் வேண்டும். அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அனிஷ் பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்தான். நல்ல பையன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் ஏசுஅடிமைக்கு உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி தேடினான். பிரிஜா தாளைக் காட்டினாள். வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"ஒனக்க அப்பாட்ட சொல்லி இத இப்பம் எடுத்துரு," என்றாள். "பொறவு என்னமும் செய்வோம்."

"அப்பாட்ட நான் எப்பிடிப் பிள்ளே சொல்லுவேன்? மூணு நாளு மயிலாடியில நின்னு செஞ்சுட்டு வந்தாரு. சொந்தக்காரன் அத்தன பேருக்கும் போட்டோ அனுப்பியாச்சு."

"அப்பம் நீயே எடு. பொறவு சொல்லு."

"நானா?" அனிஷ் கல்லைப் பார்த்தான், கல்லில் தன் பெயரைப் பார்த்தான். "மறச்சா போராதா?"

போதாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினாள். ஆசை இருக்கிற இடத்தில் அறிவு கொஞ்ச நேரம் வெளியே நிற்கும். நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

டிரஸ்டே கொடுத்தனுப்பிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று இருந்தது. "உங்கள் இல்லம், உங்கள் உழைப்பு" என்று எழுதி, யாரோ ஒரு வெளியூர்க் குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும் படம். அதை அனிஷும் பிரிஜாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கல்லின் மேல் கட்டினார்கள். கல்லுக்கு நேரே சரியாக அந்த வெளியூர் அப்பாவின் வயிறு வந்தது. லீமா முகம் கழுவி, புதுச் சேலை உடுத்தி, பழைய கொட்டகைக்கும் புது வீட்டுக்கும் நான்கு தடவை நடந்தாள். நான் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

பத்தரைக்கு ரசலையன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூடவே ஆட்டோவில் மூன்று சொந்தக்காரர்கள். இறங்கியதும் அவர் கண் போன இடம் சுவர்.

"கல்லு எங்க?"

"உள்ளதான் இருக்கு அண்ணே," என்றாள் லீமா. "காத்துல மணலு அடிக்கும்லா, எழுத்து மங்கிரும்ணு..."

"கருங்கல்லுல வெட்டின எழுத்து மணலுல மங்குமா? எனக்க மகனுக்க பேரு ஒங்களுக்கு மறைக்கக் கூடிய பேராப் போச்சா?"

"அப்பா, ஒரு மணிக்கூறு..." என்றான் அனிஷ்.

"நீ பேசாத ஏலே!"

அவர் ஃபிளெக்ஸின் முனையைப் பிடித்து இழுத்தார். ஒரு பக்கக் கயிறு அறுந்து வெளியூர்க் குடும்பம் சிரித்தபடியே மடங்கி விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டிரஸ்டின் ஜீப் திரும்பியது. அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். நல்லது செய்கிறவர்கள் நேரத்தோடு வருவதுதான் பெரிய தொந்தரவு.

ஜீப்பில் வந்தவர்களில் முக்கியமானவர் யூஜின் சார். வீடு வீடாகப் பார்த்துப் பட்டியல் எழுதிய அதிகாரி. கூடவே பணம் கொடுத்த வெளியூர்க்காரர்கள் மூன்று பேர், ஒரு கேமராக்காரர். யூஜின் சார் இறங்கி, கும்பிட்டு, சுவரைப் பார்த்து, கும்பிட்ட கையைத் தாழ்த்த மறந்து நின்றார்.

"அனிஷ் யாரு?"

"எனக்க மகன்," என்றார் ரசலையன். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, பாவம். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது. "கட்டப்போறவன். இந்த வீடு அவங்களுக்கு. பன்னிரண்டு பேரு முன்னால பறஞ்சது."

யூஜின் சார் லீமாவைப் பார்த்தார். "அப்பிடியா அம்மா?"

லீமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நேற்றைய சாளை மீனை இன்றைய சாளை என்று மாதா மேல் ஆணையிட்டு ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் விற்பவள். நானே இரண்டு தடவை வாங்கிக் கெட்டிருக்கிறேன். இந்த இடத்தில் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

யூஜின் சார் கெட்டவர் இல்லை. மற்றவர்களை ஜீப் அருகே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக வாசலுக்கு வந்தார்.

"நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது அம்மா. பட்டியலில் அடுத்த பேரு சிலுவை. நாலு பிள்ளைகளோட வலைக்கூடத்துல கெடக்கான். அவன்ட்ட நான் என்ன சொல்லட்டும்?" குரலைத் தாழ்த்தினார்; குறுகிய தெரு, எனக்குக் கேட்டது. "ஒரு வழி இருக்கு. கல்லை எடுங்க. இந்தக் கல்யாணத்துல வீடு இல்லண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்க, உங்க வாயால ஒரு வாக்கு சொல்லுங்க. சாவி இப்பமே தாறேன். இல்லேண்ணா பூட்டிட்டுப் போறேன்."

"வீடு இல்லண்ணா?" ரசலையன் லீமாவின் முகத்தை எட்டிப் பார்த்தார். "அப்பம் எனக்க மகன் வந்து கொட்டகையில கெடக்கணுமா? என்ன வெளையாட்டு இது?"

லீமா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை சிமென்ட் தூளில் கிடந்தது. ஏசுஅடிமை யாரையும் பார்க்காமல் தன் நசுங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிஜா அனிஷுக்கு எதிரே போய் நின்றாள். அவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோன மாதிரி.

"அம்மா சொல்ல மாட்டா. நான் ஒண்ணு கேக்கேன், நீ சொல்லு. வீடு இல்லாம என்னக் கெட்டுவியா?"

"பிரிஜா, இப்பம் எதுக்கு..."

"வாடகைக்கு இருப்போம். நான் கடைக்குப் போறேன். நீ பஹ்ரைன்ல இருந்து வாறப்ப வா. கெட்டுவியா?"

அனிஷ் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பிரியம் இருந்தது; நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு அவன் கழுத்து மெல்லத் திரும்பி அப்பா நிற்கும் பக்கம் போனது.

"அப்பா சம்மதிச்சா..." என்றான்.

பிரிஜா தலையை ஆட்டினாள். கடையில் மருந்துச் சீட்டை வாசித்து "இது இல்லை" என்று சொல்லும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி. பிறகு சுத்தியலை எடுத்தாள்.

"இந்தக் கல்யாணத்துல வீடு இல்ல," என்று யூஜின் சாரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "கல்யாணமும் இல்ல."

முதல் அடியில் சிமென்ட்தான் உதிர்ந்தது. லீமா "மாதாவே!" என்று அலறினாள். இரண்டாவது அடியில் கல்லின் மூலை தெறித்தது. யாரும் அவளைப் பிடிக்கப் போகவில்லை. ஹாலோ பிளாக் சுமந்த கை. எங்கே அடித்தால் விடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ அடியில் கல் குறுக்கே விரிந்து இரண்டாக விழுந்தது.

ரசலையன் ஏசினார். ஏசியதை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள். கடைசியில், மகன் பெயர் இருந்த துண்டை மட்டும் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனார். அதை வைத்து என்ன செய்வார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அனிஷ் பைக்கைத் திருப்பும்போது இரண்டு தடவை ஆஃப் ஆனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

விழா நடந்தது. நடக்காமல் எப்படி? வந்தவர்கள் வந்திருக்கிறார்களே. உறுதிமொழியை லீமா சொல்லவில்லை. பிரிஜா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, லீமாவின் உதடு மட்டும் அசைந்தது. அதையே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். யூஜின் சார் சாவியை நீட்டினார். லீமாவின் கை எழவில்லை. ஏசுஅடிமை ஊன்றுகோலை விட்டுவிட்டு, ஒற்றைக்காலில் தள்ளாடி, எட்டி வாங்கினான்.

"வீட்டுக்காரம்மா கையில சாவி இருக்கணும், போட்டோவுக்கு," என்றார் கேமராக்காரர்.

சாவியை லீமாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள் பிரிஜா. பின்னால் சுவரில் சிமென்ட் பெயர்ந்த சதுரம் தெரியக்கூடாதென்று இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் கேமராக்காரர்.

அந்தப் படம் டிரஸ்டின் புத்தகத்தில் வந்திருக்கிறது. நான் பார்த்தேன். லீமா சிரிக்கிற மாதிரித்தான் தெரிகிறது. பல்லைக் கடித்தால் அப்படியும் தெரியும்.

வெளியாட்கள் போனபிறகு அம்மாவும் மகளும் சண்டை போடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். சோறு குழைந்தது, சண்டை வரவில்லை. லீமா சாவியை வாசல்படியில் வைத்தாள். சொன்னது இவ்வளவுதான்:

"ஒனக்குத்தான் ஏட்டி கெட்டினேன். வேற ஆருக்கு?"

"நீ இருக்கத்தான் நான் மண்ணு சுமந்தேன்," என்றாள் பிரிஜா.

லீமா மீன் சுமக்கும் சருவத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். புது வீட்டுக்குள் காலே வைக்கவில்லை.

அனிஷின் கல்யாணம் தள்ளிப்போகவில்லை, பெண்தான் மாறினாள். தவக்காலம் பிறந்தால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அவன் விடுமுறையும் முடிகிறது. ரசலையன் சாமியாரிடம் மன்றாடி, மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய ஓலையை ஒரே தடவை வாசித்தால் போதும் என்று அனுமதி வாங்கி, மூன்றாவது வாரமே குளச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிவீட்டுப் பெண்ணைக் கட்டிவைத்தார். அனிஷ் பெட்டியோடு அங்கே குடிபோனான்.

அதே வாரம் பிரிஜா எர்ணாகுளத்துக்குப் போனாள். பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் வேலை. அவள் பஸ் ஏறிய ஸ்டாப்பில்தான் லீமாவும் நின்றாள், சந்தைக்குப் போக, தலையில் சருவத்தோடு. பேசிக்கொள்ளவில்லை. மகளின் பஸ் முதலில் வந்தது.

ஏசுஅடிமை ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வுமாகப் புது வீட்டுக்குக் குடிவந்தான். ராத்திரி அங்கே ஒரு விளக்கு எரிகிறது. லீமா இன்னும் கொட்டகையில். "எனக்க பிள்ள வாழாத வீட்டுல எனக்கு என்ன சோலி?" என்கிறாள். வீடு அவள் பெயரில். அவள்தான் அங்கே குடியிருக்கவேண்டும். யூஜின் சார் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பார்வையிட வருகிறார்.

நேற்றுக் குழாயடியில், பட்டியலில் அடுத்து நிற்கும் சிலுவையின் பெண்டாட்டி இடுப்பில் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஒங்களுக்கு எதிர்வீடுதானே. லீமாக்கா ராத்திரி எங்க படுக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் நான் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் நம்பவும் இல்லை.